முதலில் அவரிடம் சொல்லுங்கள்

புதுச்சேரியின் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் கடைகளிலும் புதிதாக மேற்பொறுப்பு ஏற்றிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



உங்களில் பலர் இந்த ஆண்டு முதன்முறையாக இன்னொருவருடைய ஏ.பி.ஏ.ஆர். என்ற ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். தனியார் நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு அதன் பெயர் அப்ரைசல். நேரு வீதிக் கடையிலோ கடற்கரையோர ஓட்டலிலோ பொறுப்பாளராக இருப்பவர்களுக்குப் படிவம் எதுவும் இருக்காது. தீபாவளி போனஸ் நேரத்தில் முதலாளி கூப்பிட்டு, "அந்தப் பையன் எப்படி?" என்று ஒரு கேள்வி கேட்பார், அவ்வளவுதான். எந்த வடிவமானாலும் காரியம் ஒன்றே. நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை இன்னொரு வீட்டின் வருமானத்தைத் தொடப் போகிறது.

நான் இந்த ஊர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். பிறர் என்னைப் பற்றி எழுதியதும் உண்டு, நான் பிறரைப் பற்றி எழுதியதும் உண்டு. அந்த அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான். அதைச் சொல்லவே இந்த மடல். ஒருவருடைய வேலையைப் பற்றி உங்களுக்கு என்ன எண்ணம் இருக்கிறதோ, அதை முதலில் கேட்பவர் அவராக இருக்க வேண்டும். உங்கள் மேலதிகாரியோ பக்கத்து மேசைக்காரரோ வீட்டில் இருப்பவரோ அல்ல, அவர்தான். அவருக்குத் தெரியாத எதையும் அவரைப் பற்றி எழுதக் கூடாது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால், கனிவாக இருப்பதா கறாராக இருப்பதா என்று நீங்கள் தவிக்கும் தவிப்பில் பெரும்பகுதி போய்விடும்.

சி.ஆர். என்று முன்பு ஒன்று இருந்தது. ரகசிய அறிக்கை. பெயரே அதன் குணத்தைச் சொல்லிவிடும். மேலதிகாரி எழுதுவார், உறையில் போட்டு மேலே அனுப்புவார். பாதகமான குறிப்பாக இருந்தால் மட்டும் ஊழியருக்குத் தெரிவிப்பார்கள். மற்றபடி அவரைப் பற்றிய தீர்ப்பு ஆண்டுதோறும் ஓர் இரும்பு அலமாரிக்குள் சேர்ந்துகொண்டே போகும். பதவி உயர்வுப் பட்டியல் வரும் நாளில் தன் பெயர் இல்லாததைப் பார்த்து, ஏன் என்று புரியாமல் ஒருவர் தன் இருக்கைக்குத் திரும்புவார். காலையில் அவருடன் தேநீர் குடித்தவரேகூட அந்தக் குறிப்பை எழுதியிருக்கலாம்.

தேவ் தத் என்று ஒரு பொறியாளர். எல்லைச் சாலைகள் அமைப்பில் செயற்பொறியாளராக இருந்தவர். அடுத்த பதவிக்குத் தேர்வாக வேண்டுமானால் முந்தைய ஐந்து ஆண்டுகளுக்கும் 'மிக நன்று' என்று குறிப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு 1993-94 அறிக்கையில் 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். நன்று என்பது திட்டு அல்லவே என்று நினைத்து, அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லால் பதவி உயர்வு போயிற்று. அவர் வழக்குப் போட்டார். அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2008 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது. பார்வைக்கு நல்ல சொல்லாக இருந்தாலும் விளைவு பாதகமாக இருந்தால் அது பாதகமான குறிப்புதான், அதுமட்டுமல்ல, எந்தக் குறிப்பானாலும் அதை ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காமல் இருப்பது அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவுக்கு விரோதம் என்று நீதிமன்றம் சொன்னது. குறை தெரிந்தால்தானே திருத்திக்கொள்ள முடியும், தவறாக எழுதியிருந்தால் தெரிந்தால்தானே மறுக்க முடியும் என்பது தீர்ப்பின் சாரம். தேவ் தத் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். 2013இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, சுக்தேவ் சிங் வழக்கில், அதே நிலைப்பாட்டை உறுதி செய்தது.

இடையில் 2009இல் மத்திய அரசு ரகசிய அறிக்கையைக் கைவிட்டு ஏ.பி.ஏ.ஆர். முறையைக் கொண்டுவந்தது. முழு அறிக்கையையும் ஊழியரிடம் காட்ட வேண்டும், அவர் பதினைந்து நாளுக்குள் மறுப்பு எழுதித் தரலாம். நம் ஊர் யூனியன் பிரதேசம் என்பதால் மத்திய அரசின் பணி விதிகளையே பெரும்பாலும் பின்பற்றுகிறோம். ஆகவே இந்தத் தீர்ப்பும் இந்த முறையும் நம் மேசைக்கே வந்து சேர்ந்தவை.

ரகசியம் போயிற்று, சட்டப்படி. பழக்கத்தில் போயிற்றா? நான் பார்த்த வரையில் இல்லை. முன்பு உறைக்குள் ஒளிந்திருந்தது இப்போது எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறோம். ஆறிலிருந்து எட்டுக்குள் இருந்தால் 'மிக நன்று'. ஆறுக்குக் கொஞ்சம் குறைந்தால் 'நன்று'. பதவி உயர்வு கிடைக்காதவர்களுக்குத் தரும் எம்.ஏ.சி.பி. ஊதிய உயர்வுக்கு 2016 ஜூலையிலிருந்து 'மிக நன்று' கட்டாயம். ஆக, ஆறுக்கும் ஐந்தரைக்கும் நடுவில் பத்தாண்டு, இருபதாண்டு காத்திருந்த ஒரு சம்பள உயர்வு நிற்கிறது. இந்த ஐந்தரையை வருடம் முழுக்க ஒரு வார்த்தையும் பேசாத ஒருவர் ஜூன் கடைசி வாரத்தில் அவசரமாகப் போடுகிறார். ஊழியர் தன் குறை என்ன என்பதை அந்தத் தாளில்தான் முதன்முறையாகப் படிக்கிறார். அதற்குப் பிறகு அந்த இருவரும் ஒரே செக்‌ஷனில் எப்படி உட்காருவார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஏன் சொல்வதில்லை? கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை. நம் ஊரின் அளவு அதற்கு ஒரு காரணம். அலுவலகத்தில் பார்த்தவரையே மாலையில் கடற்கரைச் சாலையில் பார்க்கிறோம். பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது அவர் பக்கத்தில் நிற்கிறார். மணக்குள விநாயகர் கோயில் வரிசையில் அவர் மனைவி நம் மனைவியிடம் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் மைத்துனர் நமக்குச் சம்பந்தி வழியில் உறவாக இருப்பார். முகம் கோணிவிட்டால் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. அதனால், "நமக்கு ஏன் வம்பு" என்று வாயை மூடிக்கொள்கிறோம். அல்லது இன்னொருவரைத் தூது அனுப்புகிறோம். "அவரு உங்க பேச்சைக் கேப்பாரு, நீங்க கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன்" என்று சங்கச் செயலாளரிடமோ, அவருக்கு நண்பரான இன்னொரு எழுத்தரிடமோ சொல்லிவிடுகிறோம். தூது போனவர் தன் பங்குக்கு இரண்டு சேர்த்துச் சொல்வார். கேட்டவருக்குத் தன் தவறைவிட, தன்னைப் பற்றி இவர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள் என்பதுதான் மனதில் தைக்கும். தூது அனுப்புவதை மென்மை என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

இதற்கு நேர் எதிரான, அதட்டும் வழக்கமும் இந்த ஊருக்குத் தெரியும். பஞ்சாலை வரலாறு உங்களில் பலருடைய வீட்டு வரலாறு. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் தொழிலாளர் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் கிடைத்தது. வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பேரப்பிள்ளைகள் இன்று சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் தொழிற்பேட்டைக் கூடங்களில் நிற்கிறார்கள். அதட்டிப் பேசும் மேலாளருக்குத் தலைகுனியும் பழக்கம் அவர்களுக்கு வழிவழியாக இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் கூடங்களில் இன்னும் சில மேற்பார்வையாளர்கள், பத்துப் பேர் நடுவில் சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும் என்று நம்புகிறார்கள். சத்தம் போட்டதும் எந்திரம் ஓடுகிறது, உண்மைதான். தவறு எங்கே நடந்தது என்று மட்டும் அதற்குப் பிறகு யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதட்டுபவரும் வாயை மூடிக்கொள்பவரும் எதிரெதிரானவர்கள் போலத் தெரிவார்கள். என் பார்வையில் இருவரும் ஒரே இடத்திலிருந்து தப்பி ஓடுகிறவர்கள். எதிரில் ஒரு மனிதரை உட்கார வைத்து, அவர் கண்ணைப் பார்த்து, "இது சரியாக வரவில்லை, ஏன் என்று பேசலாமா" என்று கேட்கும் அந்தக் கால்மணி நேரம்தான் அந்த இடம்.

அந்தக் கால்மணி நேரத்தில் எதைப் பேசுவது என்பதற்கு ஆராய்ச்சியிலிருந்து ஒரு தகவல் சொல்கிறேன். வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வதால் வேலை மேம்படுகிறதா என்று அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி, அவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்செலோ டெநீசி என்ற இருவர் 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட ஒப்பீடுகள். சராசரியாகப் பார்த்தால் பலன் உண்டு. ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் கருத்துச் சொன்ன பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. கவனம் செய்யும் காரியத்தைவிட்டு விலகி, 'நான் எப்படிப்பட்டவன்' என்ற பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. நம் அலுவலக அனுபவமும் இதையே சொல்கிறது. "இந்த நோட்டில் முந்தைய அரசாணையின் தேதி விட்டுப்போயிருக்கிறது" என்றால் ஒருவர் கோப்பைப் புரட்டுவார். "உங்களுக்கு எப்பவுமே கவனம் கிடையாது" என்றால் கோப்பு அங்கேயே கிடக்கும், அவர் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பேச ஆரம்பிப்பார். நீங்களும் பதில் பேசுவீர்கள். விட்டுப்போன தேதி விட்டுப்போனபடியே இருக்கும்.

எனக்கு முதலில் வாய்த்த கண்காணிப்பாளர் என் டிராஃப்டுகளைப் பென்சிலால் திருத்துவார். சிவப்பு மையை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. திருத்தியதை பியூன் கையில் கொடுத்து அனுப்பவும் மாட்டார். என்னைக் கூப்பிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் சொல்வார். "இந்த வாக்கியத்தைப் படிக்கிற டைரக்டருக்கு நாம பணம் கேக்கறோமா, அனுமதி கேக்கறோமான்னு தெரியாது. எதுன்னு நீயே சொல்லு." நான் சொன்னதையே அவர் எழுதச் சொல்வார். என் பதில் அவருடையதைவிட நன்றாக இருந்தால் தன் பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்துவிடுவார். மோசமான டிராஃப்டை நல்ல டிராஃப்ட் என்று அவர் ஒருமுறையும் சொன்னதில்லை. அவர் அறைக்குப் போக நான் பயந்ததும் இல்லை.

இதே ஊரில், ஆசிரமத்திலிருந்து இதைவிடப் பெரிய அளவில் ஒருவர் இதைச் செய்திருக்கிறார். ஸ்ரீ அரவிந்தர் 1926க்குப் பிறகு தனிமையில் இருந்தார், ஆனால் முப்பதுகளில் சீடர்களின் கடிதங்களுக்கு இரவெல்லாம் பதில் எழுதினார். எழுதியவர்களில் நிரோத்பரண் ஒருவர். எடின்பரோவில் மருத்துவம் படித்தவர், ஆசிரமத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்டவர், கவிதை எழுதப் பழகியவர். 1933 முதல் 1938 வரை இருவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து தனிப் புத்தகமாகவே வந்திருக்கிறது. அதை ஆன்மிக நூலாகப் படிப்பவர்கள் அப்படிப் படிக்கட்டும். நான் அதை, ஓர் ஆசான் கற்பவரின் வேலையை எப்படிப் பார்த்தார் என்பதற்காகப் படித்தேன். சரியில்லாத வரியைச் சரியில்லை என்று சொல்லிவிடுவார், ஏன் என்பதையும் சொல்வார், பல இடங்களில் மாற்று வரியையும் எழுதிக் காட்டுவார். பிடித்த வரிகளுக்குப் பக்கத்தில் ஓரத்தில் கோடு போடுவார். நிரோத்பரண் தன்னால் முடியாது என்று சோர்ந்து எழுதும்போது கிண்டலும் செய்வார், ஆனால் அந்தச் சோர்வை ஏற்றுக்கொண்டு அவரை விட்டுவிட மாட்டார். எத்தனை முறை அதே சந்தேகத்தைக் கேட்டாலும் பதில் வந்திருக்கிறது. அந்தப் பக்கங்களைப் படித்தால் ஒன்று விளங்கும்: ஒருவருடைய வேலைக்கு இவ்வளவு நேரம் கொடுப்பதே அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை. நேரம் கொடுத்துப் படித்தவரின் கண்டிப்பு யாருக்கும் அவமானமாகப் படுவதில்லை. படிக்காமலே 'நன்று' என்று போட்டுவிட்டுப் போகிறவரின் பாராட்டுதான் மனதைக் கீறுகிறது.

பாராட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி வகுப்புகளில் உங்களுக்கு ஒரு முறையைக் கற்றுத்தருவார்கள்: முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி ஒரு பாராட்டு. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ஊழியர்கள் அதை இரண்டாம் முறையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு நீங்கள் உண்மையாகப் பாராட்டினாலும், அடுத்து என்ன வரப்போகிறதோ என்று காத்திருப்பார்கள். பாராட்ட வேண்டியதை அது நடந்த அன்றே, தனியாக, குறிப்பாகச் சொல்லுங்கள். "நல்லா பண்றீங்க" என்பதில் யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. "புயல் நிவாரணப் பட்டியலில் ஒரே ரேஷன் கார்டு இரண்டு இடத்தில் வந்ததை நீங்கள் பிடித்ததால்தான் தணிக்கையில் கேள்வி வரவில்லை" என்று சொன்னால், அதைக் கேட்டவர் அடுத்த பட்டியலையும் அதே கண்ணோடு பார்ப்பார்.

எல்லாருக்கும் ஒன்பது போட்டுவிடும் மேலதிகாரிகளைக் கனிவானவர்கள் என்று நாம் கொண்டாடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வந்து தேங்கிய கோப்புகளை முடித்த ஒருவரும், பதினொரு மணிக்கு வந்து மூன்றரைக்குக் காணாமல் போகும் ஒருவரும் ஒரே ஒன்பதை வாங்கும்போது, முதலாமவருக்கு நடந்தது அநீதி. அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், ஞாயிற்றுக்கிழமை வருவதை மட்டும் நிறுத்திக்கொள்வார். அந்த இரண்டாமவருக்கும் இதில் நன்மை இல்லை. அவரை உட்கார வைத்து, "உங்களுக்கு வீட்டில் என்ன சிரமம்?" என்று ஒருவர் கேட்டிருந்தால், படுத்த படுக்கையாக இருக்கும் தாயாரைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வேலை நேரத்தைச் சட்டப்படி மாற்றித் தந்திருக்கலாம், விடுப்பு எடுக்கச் சொல்லியிருக்கலாம். ஒன்பது போட்டவர் அந்தக் கேள்வியையும் சேர்த்தே தவிர்த்துவிட்டார்.

உங்களுக்கு மிகக் கடினமாக இருக்கப் போவது எது என்று எனக்குத் தெரியும். உங்களைவிட இருபது வயது மூத்தவரிடம் குறை சொல்வது. நீங்கள் தேர்வெழுதி நேரடியாக வந்தவர், அவர் அடிமட்டத்திலிருந்து ஏறி வந்தவர். நீங்கள் பள்ளிக்கூடம் போகும்போது அவர் இதே செக்‌ஷனில் இருந்தவர். அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறீர்கள், அப்படியே கூப்பிடுங்கள். பதவி வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிப்பவர்களைப் பார்த்து எனக்கு வருத்தமே வந்திருக்கிறது. ஆனால் அண்ணே என்று கூப்பிடுவதாலேயே விஷயத்தை விழுங்கிவிடவும் வேண்டாம். கணினியில் கோப்பு அனுப்புவது வந்த பிறகு பல மூத்தவர்கள் தடுமாறுகிறார்கள், தங்கள் லாகினைப் பக்கத்து மேசைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, கொஞ்சம் உட்காருங்க. உங்க லாகின்ல வேற ஒருத்தர் கோப்பு அனுப்பறாங்க. நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா உங்க பேருதான் வரும். எனக்கு அது பயமா இருக்கு. மதியம் மூணு மணிக்கு மேல தினமும் அரை மணி நேரம் நம்ம ரெண்டு பேரும் உக்காந்து பழகலாமா?" இதில் அவருடைய வயதுக்குக் குறைவு எதுவும் இல்லை. நடக்கும் தவறு மறைக்கப்படவும் இல்லை. பழகிய பிறகு, நில ஆவணத்திலோ பழைய கொம்யூன் பதிவேட்டிலோ உங்களுக்குத் தெரியாததை அவரிடம் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு அது நிச்சயம் தெரிந்திருக்கும்.

பெண் அதிகாரிகளுக்குத் தனியாக ஒன்று. ஆண் அதிகாரி சொன்னால் 'நேர்மையானவர்' என்றும், அதையே நீங்கள் சொன்னால் 'கோபக்காரி' என்றும் பேசுவார்கள். பேசுகிறவர்களைத் திருத்துவது எங்கள் தலைமுறை ஆண்களின் கடமை, நாங்கள் அதைச் சரியாகச் செய்யவில்லை. உங்கள் பாதுகாப்புக்கு ஒரு வழி மட்டும் சொல்வேன்: பேசி முடித்த அன்றே, பேசியதை நான்கு வரியில் எழுதி அவருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். மெமோவாக இல்லாமல், இருவரும் ஒப்புக்கொண்டதன் நினைவுக் குறிப்பாக. பின்னால் யார் எதைத் திரித்தாலும் அந்த நான்கு வரி நிற்கும்.

தவறை வெளிப்படையாகப் பேசும் இடம் ஒன்றும் நம் ஊரில் உண்டு. தவளக்குப்பத்தில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனை உங்களுக்குத் தெரியும். உங்கள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ கண்புரை அறுவை அங்கே நடந்திருக்கலாம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல், அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு, மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கியது அந்த நிறுவனம். ஸ்ரீ அரவிந்தரைப் பின்பற்றியவர், அதனால் அந்தப் பெயர். 2003இல் நம் ஊருக்கு வந்தது. அங்கே எந்த மருத்துவரின் அறுவையில் எந்தச் சிக்கல் வந்தது என்பதைப் பதிவு செய்து, கூடி உட்கார்ந்து அலசுகிறார்கள். மூத்தவர், இளையவர் என்ற பேதம் அந்தப் பதிவில் இல்லை. தண்டனைக்காக அது நடப்பதில்லை. ஒரே வகைச் சிக்கல் ஒருவருக்கு அடிக்கடி வருகிறதென்றால், அவருக்கு எந்தப் படியில் பயிற்சி தேவை என்று பார்க்கிறார்கள். அறுவைகளின் எண்ணிக்கை உயர்ந்தும் தரம் குறையாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு நாளில் ஏராளமான கண்களைத் தொடும் கைகள், தங்கள் தவறை உடனுக்குடன் கேட்கத் தயாராக இருக்கின்றன. ஓர் அரசாணை நகலில் விட்டுப்போன தேதியைப் பற்றிப் பேச நமக்கு என்ன தயக்கம்?

இதையொட்டி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்க மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஏமி எட்மண்ட்சன் என்பவர் ஆராய்ந்து 1996இல் எழுதினார். நன்றாக நடக்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் தொடங்கினார். கணக்கில் அங்கேதான் அதிகத் தவறுகள் தெரிந்தன. தோண்டிப் பார்த்தபோது காரணம் விளங்கியது: அங்கே தலைமைச் செவிலியரிடம் சொல்ல யாரும் பயப்படவில்லை, அதனால் தவறுகள் வெளியே வந்தன. மற்ற வார்டுகளில் அவை மறைந்திருந்தன. ஆகவே உங்கள் செக்‌ஷனில் தவறே நடப்பதில்லை என்று தோன்றினால் மகிழ்ந்துவிடாமல், உங்களிடம் யார் எதைச் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

இன்னும் சிலரை மறக்கக் கூடாது: வவுச்சர் ஊழியர்கள், தினக்கூலிகள், ஒப்பந்தக்காரர் மூலம் வந்த காவலாளிகள், துப்புரவுப் பெண்கள். இவர்களுக்கு ஏ.பி.ஏ.ஆர். கிடையாது, பதினைந்து நாள் மறுப்பு உரிமையும் கிடையாது. "நாளையிலிருந்து வராதே" என்ற ஒரே வாக்கியம்தான் அவர்களுக்குக் கிடைக்கும் மதிப்பீடு. நான் மேலே சொன்ன ஒவ்வொன்றும் இவர்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். நிரந்தர ஊழியர் உங்கள் பேச்சு பிடிக்காவிட்டால் சங்கத்துக்குப் போவார். இவர் எங்கே போவார்? கழிவறை சுத்தமாக இல்லையென்றால் ஒப்பந்தக்காரருக்குப் போன் போடுவதற்கு முன், அந்த அம்மாவிடம் போய், பினாயில் தருகிறார்களா, தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

கடைசியாக, உங்களைப் பற்றி. உங்கள் வேலை எப்படி என்று உங்களுக்கு யார் சொல்வார்கள்? பழைய உதாரணம் ஒன்று சொல்கிறேன். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். ஆளுநர் மாளிகையில் அவர் சொல் எப்போதும் அளந்தே வந்திருக்கும், அந்தப் பதவி அப்படி. ஆனால் நாட்குறிப்பில், ஆளுநரின் மனைவியைப் பற்றியும் அதிகாரிகளின் பேராசையைப் பற்றியும் அவர் மனதில் இருந்தது ஒளிவில்லாமல் இருக்கிறது. படிப்பவர்களுக்கு அது வரலாற்றுப் புதையல். துய்ப்ளேக்சுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவர் வாழ்ந்த காலத்தில் அது அவர் காதுக்குப் போகவே இல்லை. உங்களைப் பற்றியும் இன்றிரவு எங்கோ ஒரு வீட்டில், சோற்றுத் தட்டுக்கு முன் உட்கார்ந்து ஒருவர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருப்பார். வில்லியனூரிலோ அரியாங்குப்பத்திலோ லாஸ்பேட்டையிலோ. அந்தப் பேச்சில் பாதியாவது உங்கள் அறைக்குள் வர வேண்டுமானால், நீங்கள்தான் முதலில் கேட்க வேண்டும். "என்கிட்ட ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால் எல்லாரும் "ஒண்ணுமில்ல சார்" என்பார்கள். ஒரு காரியத்தைச் சுட்டிக் கேளுங்கள்: "போன வாரம் அந்தக் கூட்டத்துக்கு நான் கடைசி நேரத்தில் சொன்னதால உங்களுக்கு எவ்வளவு சிரமம் வந்துச்சு?" ஒருவர் தைரியமாகச் சொன்னால், அப்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை மற்ற எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விளக்கம் சொல்லாதீர்கள். குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே சொல்லுங்கள்.

அறிக்கை எழுத ஜூன் கடைசி வரை அவகாசம் இருக்கிறது. பேசுவதற்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். உங்கள் கீழ் இருப்பவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, இந்த வாரத்திலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு கால்மணி நேரம் ஒதுக்குங்கள். கதவைச் சாத்திவிட்டு, செல்பேசியை மேசை டிராயருக்குள் போட்டுவிட்டுப் பேசுங்கள். பேசத் தயங்கும் பெயர் எதுவோ, அவரை முதல் நாளே கூப்பிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவர்
முத்தியால்பேட்டை, புதுச்சேரி